அழிக்க வருபவரும் அந்தப் படத்தில் ஒரு பாத்திரம்

கேள்வி இது: "தெருச் சுவர்களில் அரசியலைக் கிண்டலடித்து வரைகிறார்களே, அதனால் உண்மையில் ஏதாவது நடக்கிறதா? பத்திரிகைக் கார்ட்டூன் செய்யாத எதை இது செய்துவிடுகிறது? அடுத்தவர் சுவரைப் பாழாக்குவதற்கு ஒரு நல்ல பெயர் வைத்துக்கொண்டதுதானே இது?"

நல்ல கேள்விகள். மூன்றாவதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் ஒரு பள்ளத்தின் கதை.

ரஷ்யாவின் யெகாதெரின்புர்க் நகரம், 2012. சாலைகள் குண்டும் குழியுமாகக் கிடக்கின்றன. உள்ளூர்ச் செய்தித் தளம் ஒன்று இதைப் பற்றி எழுதிக்கொண்டே இருக்கிறது, யாரும் அசையவில்லை. ஒரு நாள் இரவோடு இரவாக நகரின் நடுவில் மூன்று பள்ளங்களைச் சுற்றி மூன்று முகங்களை வரைந்துவிட்டார்கள். ஆளுநர், மேயர், துணை மேயர். தார் பெயர்ந்த பள்ளம்தான் ஒவ்வொருவருக்கும் திறந்த வாய். பக்கத்திலேயே, சாலைகளைச் சரிசெய்வோம் என்று அவரவர் கொடுத்த வாக்குறுதி. விடிந்ததும் ஊர் கூடி நின்று பார்த்தது. அப்புறம் மாநகராட்சி ஆட்கள் வந்தார்கள். பள்ளத்தைத் தொடவில்லை. முகங்களை மட்டும் பெயிண்ட் அடித்து மறைத்துவிட்டுப் போனார்கள். அதைச் செய்தித் தளத்தார் ஒளிந்திருந்து கேமராவில் பிடித்து வெளியிட்டார்கள். அதற்கு மேல் எந்த அதிகாரியாலும் சமாளிக்க முடியாது. பள்ளங்கள் மூடப்பட்டன.

இதில் கூர்மையான கிண்டல் எது என்று யோசித்துப் பாருங்கள். முகம் வரைந்தது பாதிதான். "இவர்களுக்குச் சாலை முக்கியமில்லை, தங்கள் முகம்தான் முக்கியம்" என்பதை ஊருக்கு நிரூபித்துக் காட்டியது, பெயிண்ட் டப்பாவோடு வந்த அரசாங்கம். நையாண்டித் தெரு ஓவியத்தைப் பல வருடங்களாகக் கவனித்து வருகிறேன். அதில் எனக்குப் பிடிபட்ட முக்கியமான விஷயம் இதுதான்: படத்தை ஓவியர் தொடங்குகிறார், முடித்து வைப்பவர் பெரும்பாலும் அதை அழிக்க வருபவர்.

இதே வேலையைப் பெங்களூரில் இன்னும் எளிமையாகச் செய்தவர் பாதல் நஞ்சுண்டசாமி. 2015 ஜூனில், சுல்தான்பாளையா பகுதியில் தண்ணீர் தேங்கிக் கிடந்த ஒரு பெரிய சாலைப் பள்ளத்தைக் குளம்போல வண்ணமடித்து, அதில் ஆள் நீளத்துக்கு ஒரு முதலைப் பொம்மையை இறக்கிவிட்டார். யாரையும் பெயர் சொல்லித் திட்டவில்லை, ஒரு வரிகூட எழுதவில்லை. அடுத்து வந்தது மாநகராட்சி லாரி. 2019 செப்டம்பரில், சந்திரயான்-2 நிலவில் இறங்குவதற்காக நாடே காத்திருந்த வாரத்தில், விண்வெளி உடை போட்ட ஒருவரைக் குழிகள் நிறைந்த சாலையில் மெல்ல மிதப்பது போல நடக்கவிட்டு வீடியோ எடுத்தார். சில நொடிகள் நிலவு என்றேதான் தோன்றும். பிறகு பக்கத்தில் ஓர் ஆட்டோ கடந்து போகும். அந்த ஆட்டோ வரும் கணம்தான் மொத்தப் படைப்பும்.

பத்திரிகைக் கார்ட்டூன் என்ன செய்யும்? ஒரு பள்ளத்தை வரையும், பக்கத்தில் அமைச்சரை வரையும், அடியில் ஒரு வசனம் போடும். காசு கொடுத்துப் பத்திரிகை வாங்குபவர் அதைப் பார்த்துச் சிரிப்பார். அவர் பெரும்பாலும் ஏற்கெனவே அதே கருத்தில் இருப்பவர். தெருவில் அப்படி இல்லை. அந்தப் பள்ளத்தில் தினமும் வண்டியை இறக்கி ஏற்றுபவர் பார்க்கிறார். அந்தக் கட்சிக்கே வாக்களித்தவர் பார்க்கிறார். அந்த அதிகாரியின் பிள்ளையும் பள்ளிக்குப் போகும் வழியில் பார்க்கிறது. பத்திரிகையை மடித்து வைத்துவிடலாம், நாம் போகிற வழியை மடித்து வைக்க முடியாது.

அதைவிட முக்கியம், இடமே படத்தின் பாதி. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். இங்கே எந்தச் சுவர், எந்த முனை என்பதும் சித்திரத்தோடு சேர்ந்ததுதான். மலேசியாவின் ஜொகூர் பாருவில் 2013-இல் லிதுவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஸக்கரேவிச் வரைந்த சுவரோவியம் ஒன்று. லெகோ பொம்மை வடிவில் ஒரு பெண், கையில் விலையுயர்ந்த பை, தெருமுனையை நோக்கி நடந்துகொண்டிருக்கிறாள். முனையைத் திரும்பினால் மற்றொரு சுவரில் இன்னொரு லெகோ பொம்மை, முகமூடியோடும் கத்தியோடும் பதுங்கி நிற்கிறது. ஒரு சுவரை மட்டும் பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது. நீங்களே நடந்து, நீங்களே முனை திரும்ப வேண்டும். திரும்பும்போது அந்தப் பெண்ணின் இடத்தில் இருப்பது நீங்கள். வழிப்பறிக்குப் பேர்போன ஊர் என்ற பெயரை அந்த நகரம் சுமந்துகொண்டிருந்த காலம் அது. நகராட்சி என்ன செய்தது? வெள்ளையடித்தது. ஆனால் அதற்குள் அந்தப் பொம்மைத் திருடனை மக்கள் அச்சடித்து ஊர் முழுக்கச் சுவர்களில் ஒட்டத் தொடங்கிவிட்டார்கள். ஓர் இடத்தில் இருந்தவன் பல இடங்களுக்குப் போய்விட்டான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

இது ஏதோ ஸ்ப்ரே பெயிண்ட் வந்த பிறகு பிறந்த பழக்கம் என்று நினைக்க வேண்டாம். ரோம் நகரில் பஸ்குவினோ என்று கையும் முகமும் சிதைந்த ஒரு பழைய சிலை இருக்கிறது. 1501-இல் ஒரு கர்தினால் அதை ஒரு தெருமுனையில் நிறுத்தினார். விரைவிலேயே மக்கள் இரவில் வந்து போப்பாண்டவர்களையும் பிரபுக்களையும் கேலி செய்யும் பாட்டுகளை எழுதி அதில் ஒட்ட ஆரம்பித்தார்கள். எழுதியவர் யார் என்று தெரியாது, "பஸ்குவினோ சொன்னான்" அவ்வளவுதான். பார்பெரினி குடும்பத்தைச் சேர்ந்த போப் எட்டாம் அர்பன், பாந்தியன் கோயில் முகப்பிலிருந்த பழங்கால வெண்கலத்தைப் பெயர்த்து எடுத்தபோது ஒரு வரி கிளம்பியது: "பார்பரி செய்யாததை பார்பெரினி செய்தார்கள்." பார்பரி என்றால் இலத்தீனில் காட்டுமிராண்டிகள். அந்தச் சிலேடை நானூறு வருடங்களாக அந்தக் குடும்பப் பெயரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு முந்தைய போப் ஒருவர் இந்தச் சிலையையே ஆற்றில் போட நினைத்தார் என்றும், "போட்டால் தவளையாகிக் கத்தும்" என்று சொல்லி அவரைத் தடுத்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு. சிலை இன்றும் அங்கேயே இருக்கிறது, சீட்டுகளும் ஒட்டப்படுகின்றன.

எனக்கு மனசுக்கு மிக நெருக்கமானது போலந்துக் கதை. 1982, ராணுவச் சட்டம் அமலில் இருக்கிறது. வ்ரோத்ஸ்வாஃப் நகரில் மக்கள் இரவில் அரசுக்கு எதிராகச் சுவரில் எழுதுவார்கள். பகலில் ஆட்கள் வந்து எழுத்தின் மேல் பெயிண்ட் பூசிவிட்டுப் போவார்கள். ஊர்ச் சுவர்கள் எல்லாம் இப்படிப் பூசிய திட்டுகள். பார்ப்பவர் எல்லோருக்கும் தெரியும், ஒவ்வொரு திட்டுக்கு அடியிலும் ஒரு வாக்கியம் இருக்கிறது என்று. வால்தெமார் ஃபிட்ரிக் என்ற இளைஞரும் நண்பர்களும் அந்தத் திட்டுகளின் மேலேயே குள்ளர்களை வரைந்தார்கள். கூம்புத் தொப்பி, சின்னக் கால்கள், கையில் ஒரு பூ. அரசு வாழ்க என்றோ ஒழிக என்றோ ஒரு சொல் இல்லை. இப்போது காவல்துறை என்ன செய்யும்? விட்டுவைத்தால், தணிக்கை நடந்த இடத்தையெல்லாம் ஒரு குள்ளன் சுட்டிக்காட்டிக்கொண்டு நிற்பான். அழித்தால், குழந்தைக் கதையில் வரும் குள்ளனுக்குப் பயப்படும் அரசாங்கம் என்று ஆகும். கைது செய்தால் விசாரணையில் "குள்ளனை ஏன் வரைந்தாய்?" என்று முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கேட்டாக வேண்டும். ஃபிட்ரிக்கைப் பிடித்தபோது அப்படித்தான் கேட்க வேண்டியிருந்தது. அரசுக்கு எதிரான முழக்கம் வாதம், திட்டு எதிர்வாதம், குள்ளன் இரண்டும் சேர்ந்த முடிவு என்று மார்க்சியப் பாடநூல் மொழியிலேயே அவர் விளக்கம் கொடுத்தார். ஆரஞ்சு மாற்று என்ற அந்த இயக்கம் 1988-இல் ஆயிரக்கணக்கானவர்களைக் குள்ளர் தொப்பியோடு தெருவுக்குக் கொண்டுவந்தது. இன்று அந்த ஊரின் நடைபாதைகளில் சின்னச் சின்ன வெண்கலக் குள்ளர்கள் நிற்கிறார்கள்.

பயத்தின் மேல் நிற்கும் ஆட்சிக்குக் கோபமான முழக்கத்தைவிடச் சிரிப்பு ஏன் சங்கடம் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. கோபத்தைத் தடியால் அடக்கலாம், அதற்கு அவர்களிடம் நடைமுறை இருக்கிறது. குள்ளனை அடிப்பதற்கு எந்தக் கையேட்டிலும் வழி எழுதியிருக்காது.

ஸ்டென்சிலை, அதாவது உருவத்தை அட்டையில் வெட்டி, அதைச் சுவரில் வைத்துப் பெயிண்ட் அடிப்பதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கலையின் தோற்றத்தைத் தீர்மானிப்பது அந்தத் தொழில்நுட்பம். பாரிஸில் 1981 வாக்கில் பிளெக் லே ரா சுவர்களில் கறுப்பு எலிகளை அச்சடிக்கத் தொடங்கினார். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் இருந்து கிளம்பிய, தன் அடையாளத்தை மறைத்து வரையும் பேங்ஸி அந்த வழியில் வந்தவர். அட்டையை வீட்டிலேயே நிதானமாக வெட்டிக்கொள்ளலாம், சுவர் முன்னால் நிற்கும் நேரம் ஓரிரு நிமிடம். பிடிபடும் ஆபத்து அந்த அளவுக்குக் குறைகிறது. ஆனால் வெட்டுவது லேசு இல்லை. முதல்முறை நான் தமிழ் எழுத்தை வெட்டியபோது 'க'வின் வயிறும் 'ண'வின் சுழிகளும் கையோடு கழன்று விழுந்துவிட்டன. நாலு பக்கமும் வெட்டினால் நடுப்பகுதியைப் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது, ஆகவே அங்கங்கே மெல்லிய பாலம் விட்டு வெட்ட வேண்டும். ஸ்டென்சில் படங்களில் நிழல் அழுத்தமாகவும் கோடு உடைந்தும் இருப்பதற்கு இதுதான் காரணம். நுணுக்கத்துக்கு இடமில்லாததால் ஒரே ஒரு எண்ணம்தான் படத்தில் தங்கும். நடந்துபோகிறவருக்கு மூன்று நொடியில் விளங்க வேண்டிய நையாண்டிக்கு இது பொருந்திப்போகிறது.

ஏதாவது மாறுகிறதா என்ற கேள்விக்கு வருவோம். பள்ளம் மூடப்படும், அது நிச்சயம். பெரிய விஷயங்களில் ஒரு படத்தால் ஆட்சி கவிழ்ந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மலேசியாவில் ஃபாமி ரேஸா 2016-இல் அன்றைய பிரதமர் நஜிப் ரசாக்கின் முகத்தைக் கோமாளியாக வரைந்தார். அது போஸ்டராகித் தெருவெங்கும் போனது. 2018 பிப்ரவரியில் ஒரு மாதச் சிறையும் 30,000 ரிங்கிட் அபராதமும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மே மாதம் நஜிப் தேர்தலில் தோற்றார், 2022-இல் ஊழல் வழக்கில் சிறைக்குப் போனார். தோற்கடித்தது கோமாளி முகமா? இல்லை. மக்கள் பணம் போன விதமும் அதைத் தோண்டி எடுத்தவர்களின் உழைப்பும்தான். ஆனால் வீட்டுக்குள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு, தெருவில் ஒட்டியிருந்த அந்த முகம் ஒரு தகவலைக் கொடுத்தது: இப்படி நினைப்பது நான் மட்டும் இல்லை. சுவரால் செய்ய முடிந்தது இவ்வளவு. இது சின்ன விஷயமும் இல்லை.

தாய்லாந்திலும் அப்படித்தான். அன்றைய துணைப் பிரதமர் பிரவித், சொத்துக் கணக்கில் காட்டாத விலையுயர்ந்த கைக்கடிகாரங்களோடு படங்களில் தென்பட்டார். நண்பரிடம் இரவல் வாங்கியது என்றார். 2018 ஜனவரியில் ஹெட்ஏக் ஸ்டென்சில் என்ற பெயரில் இயங்கும் ஓவியர், அவருடைய முகத்தை ஓர் அலாரம் கடிகாரத்துக்குள் பொருத்தி பாங்காக் சுவரில் அச்சடித்தார். படம் விரைவில் அழிக்கப்பட்டது. அழித்த செய்தி படத்தைவிட அதிகம் பேரிடம் போய்ச் சேர்ந்தது.

சிங்கப்பூரில் 2012-இல் சமந்தா லோ சாலையில் "என் தாத்தா ரோடு" என்று ஸ்டென்சில் அடித்தார். சாலையை மறித்து நிற்பவரைப் பார்த்து "இது என்ன, உன் தாத்தா ரோடா?" என்று அங்கே கேட்பது வழக்கம். நம்முடைய "அப்பன் வீட்டு ரோடா" தான். அதையே உரிமைக் குரலாகத் திருப்பிப்போட்டது அவருடைய யுக்தி. பொது இடம் யாருடையது என்ற கேள்வியை, அந்தப் பொது இடத்திலேயே, எல்லோருக்கும் தெரிந்த வசவை வைத்துக் கேட்டார். 240 மணி நேர சமூக சேவை தண்டனையாகக் கிடைத்தது.

தண்டனை எல்லா இடத்திலும் இவ்வளவோடு நிற்பதில்லை. சிரியாவின் தரா நகரில் 2011-இல் பள்ளிப் பிள்ளைகள் சிலர் சுவரில் எழுதினார்கள்: "அடுத்தது உன் முறை, டாக்டர்." அன்றைய அதிபர் அசாத் படித்தது கண் மருத்துவம், அதனால் டாக்டர். எகிப்திலும் துனிசியாவிலும் ஆட்சிகள் விழுந்திருந்த நேரம். அந்தப் பிள்ளைகளைப் பிடித்துப்போய்ச் சித்திரவதை செய்தார்கள். பெற்றோர் தெருவுக்கு வந்தார்கள், ஊர் வந்தது, பிறகு நாடு வந்தது. அதைத் தொடர்ந்த போரில் லட்சக்கணக்கானோர் இறந்தார்கள். நாலு சொல்லுக்கு இவ்வளவு கொடூரமாகப் பதில் சொன்னதால்தான் அந்தச் சுவர் வரலாற்றில் இருக்கிறது. இங்கேயும் மிச்சத்தை எழுதியது அரசுதான், ரத்தத்தால்.

இந்தக் கலையின் பலவீனங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நையாண்டி தப்பாகப் புரிந்துகொள்ளப்படும். 2014-இல் இங்கிலாந்தின் கிளாக்டன் என்ற கடலோர ஊரில், குடியேற்றம் சூடான பேச்சாக இருந்த இடைத்தேர்தல் நேரத்தில், பேங்ஸி ஒரு சுவரில் சாம்பல் நிறப் புறாக்களை வரிசையாக வரைந்தார். தூரத்தில் வண்ணமயமான ஒரு சின்னப் பறவை. அதை நோக்கி "வந்தேறிகளுக்கு இங்கே இடமில்லை", "ஆப்பிரிக்காவுக்கே போ" என்று புறாக்கள் பதாகை பிடித்திருந்தன. இனவெறிப் படம் என்று புகார் வந்தது, உள்ளூராட்சி அழித்துவிட்டது. வரைந்தவர் யார் என்று தெரிந்த பிறகு, அவர் மறுபடி வந்து ஏதாவது வரைந்தால் மகிழ்ச்சி என்றார்கள். யார் வரைந்தது என்று தெரியாமல் பார்த்த ஒருவருக்கு அது புண்படுத்தும் வாசகமாகத் தெரிந்திருக்கலாம் என்பதையும் நான் ஒத்துக்கொள்கிறேன். சுவரில் விளக்கவுரைக்கு இடம் கிடையாது.

இன்னொன்று, அழகு. 2005-இல் மேற்குக் கரையில் இஸ்ரேல் எழுப்பிய தடுப்புச் சுவரில் பேங்ஸி ஒன்பது படங்கள் வரைந்தார். பலூன்களைப் பிடித்துக்கொண்டு சுவருக்கு மேலே மிதந்துபோகும் சிறுமி அதில் ஒன்று. அப்போது ஒரு முதியவர் வந்து, சுவரை அழகாக்குகிறீர்கள் என்றாராம். இவர் நன்றி சொல்ல, "இது அழகாக இருக்க வேண்டாம், இந்தச் சுவரையே நாங்கள் வெறுக்கிறோம், ஊருக்குப் போங்கள்" என்றாராம். இதைப் பதிவுசெய்தவர் பேங்ஸியே. வெளியிலிருந்து வந்து அடுத்தவர் வலியின் மேல் வரைகிற எவரும் அந்த முதியவரை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு சந்தை. 2012-இல் லண்டனின் வுட் கிரீன் பகுதியில், ஒரு மலிவுவிலைக் கடையின் சுவரில், மண்டியிட்டுத் தையல் மிஷினில் பிரிட்டிஷ் கொடித் தோரணம் தைக்கும் சிறுவனை பேங்ஸி வரைந்தார். ராணியின் வைரவிழாக் கொண்டாட்ட நேரம். மறு ஆண்டு அந்தச் சுவர்ப் பகுதியை அப்படியே அறுத்தெடுத்து மயாமியில் ஏலத்துக்குக் கொண்டுபோனார்கள். பகுதி மக்கள் போராடியதால் அங்கே நின்றது, பிறகு லண்டனிலேயே விற்றார்கள். கடையும் விழாவும் தெருவும் போன பிறகு அது தையல் மிஷினோடு ஒரு பையன் படம், அவ்வளவுதான். 2018-இல் ஏலத்தில் 10 லட்சத்து 42 ஆயிரம் பவுண்டுக்கு விற்ற கணத்திலேயே தன் இன்னொரு படத்தை, அதன் மரச்சட்டத்துக்குள் ஒளித்துவைத்த இயந்திரத்தால் பேங்ஸி கிழித்தார். பாதி கிழிந்த அதே படம் 2021-இல் 1 கோடியே 85 லட்சம் பவுண்டுக்குப் போனது. சந்தைக்கு எதிரான கிண்டலையும் சந்தை விலைக்கு வாங்கிவிடும்.

இதற்கு நேர்மையான பதில் கொடுத்தவர் என்று நான் மதிப்பது இத்தாலியரான புளூவை. போலோஞ்ஞா நகரில் தெரு ஓவியங்களைச் சுவரிலிருந்து பெயர்த்து ஒரு கண்காட்சி வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், 2016 மார்ச்சில் அந்த ஊரில் தான் இருபது வருடங்களாக வரைந்த சுவரோவியங்களைத் தன் கையாலேயே சாம்பல் பெயிண்ட் பூசி அழித்தார். இந்த முறை அழிக்க வந்தவர் ஓவியரே.

சரி, மூன்றாவது கேள்வி. அடுத்தவர் சுவர். ஒரு சாமானியரின் வீட்டுச் சுவரில், நேற்று வெள்ளையடித்த சுவரில், அவரைக் கேட்காமல் வரைவதை நான் ஆதரிக்க மாட்டேன். பழைய கோயில், கல்வெட்டுப் பக்கம் போகவே கூடாது. ஆனால் மூச்சு முட்ட விளம்பரம் நிறைந்த ஒரு தெருவை யோசித்துப் பாருங்கள். அந்தப் பலகைகளைப் பார்க்க நீங்களும் நானும் சம்மதித்தோமா? ஆஸ்திரேலியாவில் 1979-இல் பூகா-அப் என்ற குழு இதைக் கேட்டது. மருத்துவர்களும் அதில் இருந்தார்கள். சிகரெட் விளம்பரப் பலகைகளில் ஏறி எழுத்துகளை மாற்றி, 'மார்ல்பரோ' என்பதை 'இட்ஸ் எ போர்' (இது ஒரே சலிப்பு) என்று ஆக்கினார்கள். கைதானார்கள், நீதிமன்றத்தில் வாதாடினார்கள். 1992-இல் அந்த நாடு புகையிலை விளம்பரத்தைத் தடை செய்யச் சட்டம் கொண்டுவந்தது. அவர்கள் செய்தது சொத்துச் சேதம் என்றால், அந்தப் பலகைகள் நுரையீரலுக்குச் செய்ததற்கு என்ன பெயர்?

யாருடைய சுவர் என்பதோடு யாரைக் கேலி செய்கிறது என்பதையும் நான் பார்ப்பேன். ரோமின் பாலட்டைன் குன்றில், கிட்டத்தட்ட 1,800 வருடத்துக்கு முன் சுவரில் கீறிய ஒரு படம் கிடைத்திருக்கிறது. சிலுவையில் கழுதைத் தலையோடு ஓர் உருவம், எதிரே கையை உயர்த்தி நிற்கும் ஓர் ஆள். "அலெக்சமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான்" என்று கிரேக்கத்தில் எழுத்து. அன்று கிறிஸ்தவர்கள் எண்ணிக்கையில் சொற்பம், அதிகாரம் இல்லாதவர்கள். இதுவும் சுவர்தான், இதுவும் நையாண்டிதான். பஸ்குவினோ சிலையில் ஒட்டிய சீட்டு போப்பைக் குறிவைத்தது, இந்தக் கீறல் பக்கத்தில் இருந்த ஓர் எளியவனைக் குறிவைத்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது.

நீங்கள் எங்காவது இப்படி ஒரு படத்தைப் பார்த்தால், படத்தை மட்டும் நெருக்கமாக எடுத்துவிட்டு வராதீர்கள். நாலடி பின்னால் வந்து சுவர் முழுக்க, பக்கத்துக் கட்டடம், எதிரே இருப்பது, கீழே நிற்கும் ஆட்கள் எல்லாம் தெரியும்படி ஒன்று எடுங்கள். தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து அதே இடத்தில் நின்று இன்னொரு படம் எடுங்கள். அங்கே வெறும் பெயிண்ட் திட்டுதான் இருந்தாலும் எடுங்கள்.